ஜப்பான் கேம்களும் எங்கள் பிள்ளைகளும்: சில கவலைகள், சில ஆசைகள்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை பெற்றோர் கூட்டத்தில் ஒரு உம்மா எழுந்து நின்று அழுதார். மகன் தரம் 9. வாப்பா வெளிநாட்டில். வாப்பாவின் கார்ட் இலக்கம் வீட்டுப் போனில் பதிவாகி இருந்திருக்கிறது. மகன் ஏதோ ஒரு விண்வெளி கேமில் ஒரு கதாபாத்திரத்தை எடுப்பதற்காக மூன்று வாரத்தில் 18,000 ரூபா செலவழித்திருக்கிறான். அந்தக் கதாபாத்திரமும் கடைசி வரை வரவில்லை.

கூட்டத்தில் இருந்த எல்லோரும் ஒரே குரலில், "இந்தக் கேம்களை எல்லாம் முழுசா நிப்பாட்டணும், சேர். நீங்க புள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றார்கள். மண்டபமே எங்களைப் பார்த்தது. நாங்கள் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டோம்.

காரணம் இருக்கிறது. நாங்கள் மூவரும் கல்வியியல் கல்லூரியில் ஒரே பிரிவில் படித்து, இன்று கண்டியைச் சுற்றியுள்ள பாடசாலைகளில் படிப்பிப்பவர்கள். மூவருமே அதே ஜப்பான் கேம்களில் வளர்ந்தவர்கள். பேராதனை வீதியில் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கேம் கடையில், டியூஷன் காசைக் கொடுத்துவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள். 1997 இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 எங்கள் கைக்கு வந்தபோது அது மூன்று கொப்பி சிடி. கதை முழுக்க ஆங்கில எழுத்து. லிப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடி விளையாடினோம். ஷின்ரா என்ற கம்பனி பூமியின் உயிர்ச்சக்தியை உறிஞ்சி மின்சாரமாக விற்கிறது என்பது விளங்குவதற்கே எங்களுக்கு ஒரு மாதம் போனது. ஓ.எல் ஆங்கிலத்தில் எங்களில் இருவருக்கு ஏ கிடைத்ததில் ஆசிரியருக்குப் பாதிப் பங்கு, அந்த சிடிகளுக்குப் பாதிப் பங்கு.

ஆகவே "எல்லாவற்றையும் நிறுத்து" என்று எங்களால் வாய் கூசாமல் சொல்ல முடியவில்லை. "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்ததுதான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். இது துப்பாக்கி எடுத்துச் சுடும் கேம் அல்ல. ஒரு நாவலை விளையாடுவது போன்றது. ஒரு சிறிய கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகிறீர்கள், ஆட்களோடு கதைக்கிறீர்கள், சண்டை வந்தால் நிதானமாக யோசித்து முடிவெடுக்கிறீர்கள். 1986 இல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் இந்த வகைக்கு வழி போட்டது. அது வாள், மந்திரம், அரசகுமாரி கதை. அடுத்த வருடமே, 1987 டிசம்பரில், சேகா நிறுவனம் ஃபேன்டஸி ஸ்டார் என்று ஒன்றை வெளியிட்டது. அதில் மூன்று கிரகங்கள், விண்கலம், ரோபோ. தம்பிமாரே, தங்கைமாரே, அந்தக் கதையின் நாயகன் ஒரு நாயகி! அலிஸ் என்ற பெண் பிள்ளை. அதை வரைந்து வடிவமைத்தவர்களில் முக்கியமானவரும் ரியேகோ கொடாமா என்ற ஒரு பெண். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. விண்வெளிக் கதையின் தலைமைப் பாத்திரத்தில் ஒரு பெண்ணை வைப்பது அன்றைக்கே முடிந்த காரியமாக இருந்தது.

இனி எங்கள் கவலைகளுக்கு வருவோம்.

முதலாவது, இந்த விஞ்ஞானக் கதைகள் பல பாதியில் நிற்கின்றன. 1998 இல் வந்த ஸீனோகியர்ஸ் என்ற கேமை எடுங்கள். முதல் சிடி ஒரு பெரிய உலகம். இரண்டாவது சிடிக்கு வந்தால் கதாபாத்திரம் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டு "பிறகு இப்படி நடந்தது, பிறகு அப்படி நடந்தது" என்று சொல்லிக்கொண்டே போகிறது. காலமும் அனுபவமும் போதவில்லை, முதல் சிடியோடு முடிப்பதை விட இப்படியாவது முடிப்போம் என்று தீர்மானித்தோம் என அதன் இயக்குநர் டெட்சுயா தகாஹாஷி பிற்காலத்தில் விளக்கம் சொன்னார். அவரே பிறகு தொடங்கிய ஸீனோசாகா ஆறு பாகமாகத் திட்டமிடப்பட்டு, 2006 இல் மூன்றாவது பாகத்தோடு முடிந்தது. 2015 இல் வந்த ஸீனோபிளேட் எக்ஸ் பெரியதொரு கேள்வியைப் போட்டுவிட்டு நின்றது. அதற்கு மேலதிக அத்தியாயம் வர 2025 ஆகிவிட்டது.

சிரிக்க வேண்டாம். மூன்றாம் தவணையில் பாடத்திட்டம் முடியாமல், கடைசி நான்கு அலகுகளை நோட்ஸாகச் சொல்லிவிட்டு ஓடும் எங்களுக்குத் தகாஹாஷியின் நிலைமை நன்றாக விளங்குகிறது. ஆனாலும் மனதில் ஒரு ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. மந்திரக் கதைகள் பாகம் பாகமாக வருகின்றன. விண்வெளிக் கதை சொல்ல வந்தவர்களுக்குத்தான் காசும் காலமும் முதலில் தீர்ந்துபோகின்றன.

இரண்டாவது, பெற்றோரும் மௌலவிமாரும் எங்களிடம் அடிக்கடி கேட்பது. "இந்தக் கேம்களில் கடைசியில் கடவுளோடு சண்டை பிடிக்கிறார்களாமே?" உண்மைதான். இந்த வகையில் அது ஒரு தேய்ந்த வழக்கமாகவே போய்விட்டது. எங்களுக்கும் அது நெருடல். எழுத்தாளருக்கு முடிவு தெரியாதபோதெல்லாம் வானத்தில் இருந்து ஒன்றை இறக்கிவிடுகிறார்கள்.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகளில் "கடவுள்" என்று வருவது அநேகமாக மனிதன் செய்த ஒரு பொருள். ஸீனோகியர்ஸில் அது கிரகங்களுக்கு இடையிலான போருக்காகக் கட்டப்பட்ட ஆயுதம். 1989 இல் வந்த இரண்டாவது ஃபேன்டஸி ஸ்டாரில் மக்கள் தங்கள் மழையையும் வெயிலையும் விளைச்சலையும் ஒரு கணினியிடம் ஒப்படைத்துவிட்டுச் சோம்பிக் கிடக்கிறார்கள். கணினி பிழைக்கிறது, ஊர் அழிகிறது. தன் கையால் செய்ததை மனிதன் தானே பெரிதாக்கி அதற்கு அடிமையாவது. இப்ராஹீம் (அலை) அவர்கள் தன் சமூகத்தாரிடம் கேட்ட கேள்வி இதைப் பற்றியதுதானே? ஒரு பிள்ளை வந்து "சேர், அந்தக் கேமில் கடவுளைக் கொல்றாங்க" என்று சொன்னால், பதறாமல் "அதைச் செஞ்சது யாரு?" என்று திருப்பிக் கேளுங்கள். அரை மணித்தியாலப் பாடம் அதிலேயே இருக்கிறது. கேட்காமல் போனைப் பறித்தால் பிள்ளை அதே கேமை ஒளித்து விளையாடும். கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போகும்.

மூன்றாவது, பெண் பாத்திரங்களின் உடை. இதில் சமாதானம் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. 1987 இல் கவசம் அணிந்த அலிஸ். 2017 இல் வந்த ஸீனோபிளேட் 2 இல் நாயகியின் உடையைப் பார்த்தால் வீட்டு ஹோலில் வைத்து விளையாட முடியாது. உம்மா தேநீர் கொண்டு வந்தால் திரையைத் திருப்ப வேண்டும். கதை நல்ல கதை. அதைச் சொல்ல அந்த உடை தேவையே இல்லை. இது முஸ்லிம்களாகிய எங்களுக்கு மட்டும் உள்ள முறைப்பாடு அல்ல, உலகம் முழுக்க விளையாடுபவர்கள் சொன்ன முறைப்பாடு. அடுத்த பாகத்தில் உடைகள் ஓரளவு மாறியதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காவதுதான் அந்த உம்மாவை அழ வைத்தது. கச்சா. ஜப்பானில் கடை வாசலில் காசு போட்டுத் திருகினால் ஒரு உருண்டைக்குள் பொம்மை விழும் இயந்திரத்தின் பெயர் அது. எந்தப் பொம்மை விழும் என்று தெரியாது. அந்தப் பழக்கத்தைப் போனுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கேம் இலவசம், கதை அழகு, இசை அழகு. நல்ல பாத்திரம் வேண்டுமென்றால் இழுக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையின் கேமைத் திறந்து பார்த்தோம். உள்ளே எங்கோ சிறிய எழுத்தில் வாய்ப்பு 0.6 வீதம் என்று இருந்தது. அதை அப்படியே தரம் 10 நிகழ்தகவுப் பாடத்துக்குக் கொண்டு போனோம். ஒருமுறை இழுத்தால் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.994. நூறு முறை இழுத்தால்? 0.994 ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.55. அதாவது, "இத்தனை முறைக்குள் நிச்சயம்" என்ற உத்தரவாதம் ஏதும் இல்லாவிட்டால், நூறு முறை இழுத்தவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் வெறுங்கையோடு போவார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசையில் ஒரு பிள்ளை மட்டும், "அப்ப இது சூது தானே, சேர்?" என்றது. நாங்கள் பத்வா கொடுக்கும் ஆட்கள் அல்ல. ஆனால் அந்தப் பிள்ளையை மறுக்கவும் எங்களிடம் பதில் இல்லை. இந்த முறையின் ஒரு மோசமான வகையை ஜப்பானே 2012 இல் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று 2018 இல் பெல்ஜியம் தீர்மானித்தது. இங்கே எங்கள் பெற்றோருக்கு அந்தப் பெயரே இன்னும் தெரியாது.

ஆகவே பெற்றோரே, ஒரு வேண்டுகோள். எல்லாக் கேமையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். "இது இழுக்கிற கேமா, கதை முடியிற கேமா?" என்று மட்டும் பிள்ளையிடம் கேளுங்கள். முடிவுள்ள கேமை விளையாடினால் என்றாவது முடிந்துவிடும். இழுக்கிற கேமுக்கு முடிவே இல்லை.

இனி, நாங்கள் ஏன் இவ்வளவு சிரமப்பட்டு இந்த வகையை விட்டுக்கொடுக்காமல் கதைக்கிறோம் என்று சொல்கிறோம்.

ஸீனோபிளேட் 3 வெளிவந்தது 2022 ஜூலை 29. அந்த மாதம் எங்கள் நாடு எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, மூடிய பாடசாலைகள், மின்வெட்டு. புதிய கேம் ஒன்றின் விலை 60 டொலர். அன்றைய நாணய மாற்றில் இருபதாயிரம் ரூபாவைத் தாண்டும். எங்களில் ஒருவரின் நானா சவூதியில் இருந்து ஒரு பழைய ஸ்விட்ச்சைக் கொண்டு வந்த பிறகுதான், அடுத்த வருடம் அதை விளையாடினோம்.

கதை இதுதான். கெவெஸ், அக்னஸ் என்று இரண்டு நாடுகள். இரண்டிலும் போர்வீரர்கள் மட்டும். அவர்களுக்கு ஆயுள் பத்தே வருடம். ஒவ்வொரு முகாமிலும் ஒரு சுடர் மணிக்கூடு இருக்கிறது. எதிரியைக் கொன்றால் மணிக்கூடு நிரம்பும், முகாம் உயிர் வாழும். கொல்லாவிட்டால் சுடர் வற்றிவிடும். ஏன் சண்டை என்று யாருக்கும் தெரியாது. பிறந்தோம், சண்டை பிடிக்கிறோம், அவ்வளவுதான். இரண்டு பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார், இறந்தவர்களுக்காகப் புல்லாங்குழல் ஊதி வழியனுப்புவது அவர் வேலை. ஒரு நாள் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், ஆறு பேரும் ஒன்றாக ஓட வேண்டி வருகிறது.

2024 இல் ஒரு ரிலீஃப் பாடவேளையில், தரம் 8 பிள்ளைகளுக்கு அதன் முதல் அரை மணித்தியாலத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினோம். எழுத்து ஆங்கிலம். நாங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். அந்த வகுப்பில் திகன பக்கத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. 2018 மார்ச்சில் அது இரண்டாம் தரம். தாக்கப்பட்ட ஒரு சிங்களச் சாரதி இறந்த பிறகு திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை பக்கம் என்ன நடந்தது என்று இந்தப் பதிவை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, அவசரகால நிலை, ஊரடங்கு. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நாட்டில் முடக்கப்பட்டன. அந்தப் பிள்ளையின் சாச்சாவின் கடையும் எரிந்த கடைகளில் ஒன்று. அன்றிரவு அந்தக் குடும்பம் ஒளிந்திருந்தது பக்கத்துச் சிங்கள வீட்டில்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை கையை உயர்த்தியது. "சேர், அந்த மணிக்கூட்ட செஞ்சது யாரு?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும் என்று சொல்லிச் சமாளித்தோம். உண்மையில் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் நாட்டில் 1983 முதல் 2009 வரை ஓடிய மணிக்கூட்டைச் செய்தது யார்? 2018 இல் திகனயில் அதற்கு மறுபடி சாவி கொடுத்தது யார்? ஆறு வருடமாக ஒரு பிள்ளையின் மனதில் கிடந்த கேள்வியை வரலாற்றுப் பாடநூலும் கேட்க வைக்கவில்லை, நாங்களும் கேட்க வைக்கவில்லை. ஒரு ஜப்பான் கேம் கேட்க வைத்தது.

எங்கள் சிங்கள மொழி டீச்சர் அன்று கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் இராணுவத்தில் இருந்து திரும்பி வராதவர். புல்லாங்குழல் காட்சி முடிந்ததும், "இந்தக் கேமின் பெயர் என்ன? மகனுக்குக் காட்ட வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். வேறொன்றும் கதைக்கவில்லை.

இப்போது எங்கள் பெரிய ஆதங்கத்தைச் சொல்கிறோம். அந்தக் கதையைத் தமிழில் நாங்கள்தான் வாயால் சொல்ல வேண்டி இருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், கொரியன், சீனம் எல்லாவற்றிலும் இந்தக் கேம்கள் வருகின்றன. தமிழில் இல்லை, சிங்களத்திலும் இல்லை. கேம் பெட்டி ஒன்றுக்குக் கணக்குத் திறக்கப் போனால் நாட்டுப் பட்டியலில் இலங்கையே கிடையாது. வேறொரு நாட்டுக்காரர் என்று பொய் சொல்லித்தான் நாங்கள் உள்ளே போயிருக்கிறோம். பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லும் ஆசிரியர்கள்!

இதே இலங்கையில்தான் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை வாழ்ந்தார். பூமியில் இருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு மின்தூக்கியை இந்தத் தீவைப் போன்ற ஒரு தீவின் மலையில் நட்டு 1979 இல் நாவல் எழுதினார். உலகம் பரிசு கொடுத்தது. உலகத்தின் விஞ்ஞானக் கற்பனை எங்கள் மலையில் ஏறி நின்றது. அந்த மலையடியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கற்பனையில் ஒரு படி கூட இல்லை.

முடியாத காரியமா? இல்லை. மதர் 3 என்ற ஜப்பான் கேம் 2006 இல் வந்தது, ஆங்கிலத்தில் வரவேயில்லை. 2008 இல் ரசிகர்களே கூடி முழுவதையும் மொழிபெயர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் ஸீனோபிளேட் அமெரிக்காவுக்கு வராது என்றிருந்தபோது விளையாடுபவர்கள் 2011 இல் ஒரு இயக்கமாகக் கடிதம் எழுதிக் கேட்டார்கள், 2012 இல் வந்தது. 2023 இல் கனடாவில் ஒரு சிறிய குழு வெண்பா என்று ஒரு கேம் செய்தது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ் அம்மா, கிழிந்த சமையல் புத்தகம், தாய்மொழியை விட்டு விலகும் மகன். இட்லியும் புட்டும் கேமுக்குள் வந்துவிட்டன. விண்கலமும் வரலாம்.

தொழில்நுட்பத் தடை ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பல கேம் கருவிகளில் தமிழை இட்டால் எழுத்து உடைந்துவிடும். "கொ" என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், "க" வேறொரு பக்கம். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வேலையை அந்தக் கருவி செய்யாததால் வரும் பிழை அது. செய்யும் கருவிகளும் உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். 1986 இல் டிராகன் குவெஸ்ட் செய்தவர்களுக்குக் கிடைத்த மொத்த இடம் 64 கிலோபைட். தங்கள் மொழியின் எல்லா எழுத்துகளுக்கும் அதில் இடமில்லாமல், சில எழுத்துகளை மட்டும் தெரிவு செய்து, அவற்றால் எழுதக்கூடிய பெயர்களையே வைத்தார்கள். அவர்கள் தங்கள் மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போகவில்லை. இன்று எங்கள் பையில் உள்ள போனில் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு இடம் இருக்கிறது.

பெரிதாகவும் தொடங்கத் தேவையில்லை. 2011 இல் டு தி மூன் என்று ஒரு சின்னக் கேம் வந்தது. சாகக் கிடக்கும் ஒரு முதியவர் சந்திரனுக்குப் போக ஆசைப்படுகிறார், இரண்டு டொக்டர்கள் அவருடைய நினைவுகளுக்குள் போகிறார்கள். நாலு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஜப்பானில் உருவான, யாரும் பாவிக்கக்கூடிய ஒரு மென்பொருளில், ஜப்பான்காரர் அல்லாத ஒருவர் முன்னின்று செய்தது. அழாமல் முடித்தவர்கள் குறைவு.

ஆகவே நாங்கள் ஒரு முயற்சிக்கு வந்திருக்கிறோம். அடுத்த தவணையில் இருந்து, அதிபரின் அனுமதியோடு, வாரத்தில் ஒரு பின்னேரம் பாடசாலைக் கணினி அறையில் பத்துப் பிள்ளைகளோடு ஒரு சின்னக் கேம் செய்யத் தொடங்குகிறோம். தமிழில். அரை மணித்தியாலத்தில் முடியும் கதை. இழுக்கிறது இல்லை, காசு இல்லை. கதையைப் பிள்ளைகளே எழுத வேண்டும். கதைக்கு நாங்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: முடிவு இருக்க வேண்டும்! தகாஹாஷிக்கு வந்த கதி எங்களுக்கு வரக்கூடாது.

இப்போதைக்குப் பிள்ளைகள் தந்திருக்கும் யோசனை: 2300 ஆம் ஆண்டு, வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கும் அக்குறணை ஒரு மிதக்கும் நகரமாகிவிடுகிறது. மேலே மலையில் இருப்பவர்களுக்கும் கீழே மிதப்பவர்களுக்கும் கதையில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரு உடைந்த பாலத்தைத் திருத்துகிறார்கள். யோசனை தந்தவர்களில் 18,000 ரூபா செலவழித்த மகனும் ஒருவன். பாலத்தை எந்தக் கேமிலும் சும்மா தர மாட்டார்கள், சேர்ந்துதான் கட்ட வேண்டும் என்பது அவனுடைய கருத்து. அந்த உம்மாவிடம் நாங்கள் நேரில் போய் விளக்கினோம். முதலில் கதவையே சரியாகத் திறக்கவில்லை. பிறகு, "அப்ப போன் இல்லாம, உங்க கண்ணுக்கு முன்னால செய்யட்டும்" என்றார். அது நியாயமான நிபந்தனை.

மடவளை, அக்குறணை, கெலிஓயா, கம்பளை, கண்டி நகரத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, கோடிங் தெரிந்தவர்கள், படம் வரையத் தெரிந்தவர்கள், பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடப்பவர்கள் இருந்தால் கீழே கொமண்டில் சொல்லுங்கள். சிங்களத்திலும் அதை மாற்ற ஆசை. அதற்கு டீச்சர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

பெற்றோரே, இன்று இரவு பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அவன் விளையாடுவதைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏச வேண்டாம். "இந்தக் கதையில என்ன நடக்குது, மகன்?"

என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.